பொங்கல் பானைக்கு முன்னால் யார் நிற்கலாம்?

(சமயமும் பண்டிகையும் குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், ராசாவைச் சேர்ந்த நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் எனக்குக் கேள்வி கேட்கிற வேலைதான். பேச வந்தவர் நேரத்தைத் தாண்டினால் மணி அடிப்பதும் என் வேலை. இன்று என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். சரி, பேசிப் பார்க்கிறேன்.

கொடுக்கப்பட்ட தலைப்பு இது: 'சமய நம்பிக்கையில் உறுதியாக இருக்கிற ஒருவர், ஊரே கொண்டாடுகிறது என்பதற்காக எல்லாப் பண்டிகைகளையும் கொண்டாடலாமா?' இதற்கு நம் நாட்டில் ஒரு சுலபமான பதில் உண்டு. 'நாம் அனைவரும் மலேசியர்கள், தீபாவளியும் நோன்புப் பெருநாளும் கிறிஸ்துமசும் சீனப் புத்தாண்டும் எல்லாருக்கும் பொது' என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். அந்தப் பதிலின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் கேள்வி கேட்டவருக்கு அதில் பதில் கிடைப்பதில்லை. அவர் கேட்பது விருந்தைப் பற்றி அல்ல. தான் கும்பிடுகிற கடவுளுக்கு முன்னால் தன் மனம் கூசாமல் நிற்க முடியுமா என்பதைப் பற்றிக் கேட்கிறார்.

எனவே நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன்.

2020ஆம் ஆண்டு ஜனவரி மாதம். பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கல்வி அமைச்சின் கடிதம் ஒன்று வெளியே வந்தது. பொங்கல் இந்துக்களின் சமய விழா என்றும், முஸ்லிம்கள் அதில் கலந்துகொள்வது ஹராம் என்றும் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் சிறப்புக் கூட்டம் ஒன்று முடிவு செய்திருப்பதாக அந்தக் கடிதம் சொன்னது. கைப்பேசிக்குக் கைப்பேசி அது பறந்தது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களில் முஸ்லிம்களும் இருக்கிறார்கள், தேசியப் பள்ளிகளில் பொங்கல் விழா நடத்துகிற தலைமையாசிரியர்களும் இருக்கிறார்கள். அடுப்புக்குச் செங்கல் அடுக்கிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர்கள் பலர். பிறகு அமைச்சு விளக்கம் கொடுத்தது. பொங்கலுக்குத் தடை எதுவும் இல்லை, முஸ்லிம் மாணவர்களும் ஆசிரியர்களும் பங்கேற்பது பற்றிய விளக்கம்தான் அது என்றார்கள். அதே மாதத்தில்தான் பூச்சோங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் சீனப் புத்தாண்டுக்குத் தொங்கவிட்ட அலங்காரங்களைப் பற்றியும் பெரிய சர்ச்சை கிளம்பியது. துணைப் பிரதமரே நேரில் போய் விளக்குகளை மாட்டும் அளவுக்கு அது போனது.

நான் பேச வந்தது அந்தக் கடிதத்தைப் பற்றி அல்ல. அதற்கு நாம் சொன்ன பதிலைப் பற்றி.

நாம் எல்லாரும் ஒரே குரலில் என்ன சொன்னோம்? 'பொங்கல் சமய விழாவே இல்லை. அது வெறும் அறுவடைத் திருநாள், பண்பாட்டு விழா, தமிழர் விழா.' அரசியல்வாதிகள் சொன்னார்கள், சங்கங்கள் சொன்னன, பத்திரிகைகள் எழுதின. அந்த வாரம் தொலைக்காட்சியிலும் அதையேதான் மாற்றி மாற்றிச் சொன்னோம்.

இப்போது மனத்தைத் தொட்டுச் சொல்லுங்கள். நம் பள்ளிகளில் பொங்கல் எப்படி நடக்கிறது? காலையில் திடலைக் கூட்டிக் கோலம் போடுகிறோம். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து அருகம்புல் செருகி வைக்கிறோம். குத்துவிளக்கு ஏற்றுகிறோம். பானைக்குத் திருநீற்றுப் பட்டை, குங்குமப் பொட்டு. பால் பொங்கியதும் சூரியனைப் பார்த்துக் கற்பூரம் காட்டுகிறோம். தட்டு வரிசையாகப் பிள்ளைகளிடம் வருகிறது. சில பள்ளிகளில் பக்கத்துக் கோயில் குருக்களே வந்து நடத்தித் தருகிறார். இவ்வளவையும் செய்துவிட்டு, கேட்கிற அதிகாரியிடம் மட்டும் 'இதில் சமயமே கிடையாது ஐயா' என்றால், அவர் நம்புவாரா? முதலில் நம் ஆயா நம்புவாரா?

எங்கள் ஆயா ராசாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடிகாலைப் பிரட்டுக்குப் போகிறவருக்கு அறுவடை ஏது? ரப்பர் தோட்டத்தில் நெல்லும் கிடையாது, கரும்பும் கிடையாது. தை மாதம் போய் மரம் இலை உதிர்க்கத் தொடங்கினால் பாலும் குறையும், சம்பளமும் குறையும். அறுவடைக்கு நன்றி சொல்ல வேண்டுமானால் தோட்டத்துத் தமிழனுக்குத் தை முதல் நாளில் ஒரு காரணமும் இல்லை. பொங்கலுக்கு நாட்டில் பொது விடுமுறையும் இல்லை. அன்றும் மரம் வெட்டிவிட்டு வந்துதான், அல்லது சம்பளம் இல்லாத விடுப்பு எடுத்துத்தான், லயத்து வாசலில் பானை வைத்தார்கள். வீட்டில் இருந்த ஒரே ஒரு பசுவுக்கு மறுநாள் கொம்பில் சாயம் பூசினார்கள். அறுவடை இல்லாத ஊரில் அறுவடைத் திருநாள் நூறு வருடத்துக்கு மேல் எப்படி உயிரோடு இருந்தது? ஆயாவுக்கு அது சாமி காரியம். சூரியன் அவருக்குச் சாமி. பானையில் பால் எந்தப் பக்கம் பொங்கி வழிகிறது என்பதை வைத்து வருடத்தையே கணித்தவர் அவர். அந்தப் பானையைக் 'கலாசார நிகழ்ச்சி' என்று நான் சொன்னால் அவருக்குப் புரிந்திருக்காது. புரிந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார்.

ஆகவே, வாதத்தில் வெல்வதற்காக நம் வழிபாட்டையே இல்லை என்று சொன்னோம். இதில் முதலில் நஷ்டப்பட்டவர்கள் இந்துக்கள்தான். நானும் இந்துதான், அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

மறுபக்கம் ஒன்று இருக்கிறது. 'பொங்கல் இந்து விழா, மற்றவர்களுக்கு அதில் இடம் இல்லை' என்று அடித்துச் சொல்கிறவர்கள் நம்மிலேயே உண்டு. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் சுமார் 86 விழுக்காட்டினர் இந்துக்கள், 6 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள், 4 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். நூற்றுக்குப் பத்துப் பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் லயத்தில் பன்னிரண்டு வீடு இருந்தால் அதில் ஒரு வீடு அவர்களுடையது. அந்த வீட்டுக் கிறிஸ்தவத் தமிழரும் தை முதல் நாளைத் தம்முடைய நாள் என்று நினைத்தால், நீ யார் என்று கேட்க நமக்கு அதிகாரம் கிடையாது. நம் நாட்டில் பல கத்தோலிக்கத் தேவாலயங்களில் பொங்கல் திருப்பலி நடக்கிறது, வளாகத்தில் பானையும் வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் தென்னிந்தியத் திருச்சபையினர் அறுப்பின் பண்டிகை என்று தனியாகவே ஒன்று கொண்டாடுகிறார்கள். விளைச்சலில் முதல் பங்கைத் தேவாலயத்துக்குக் கொண்டுவந்து ஏலம் விடுவார்கள். ஒரு பூசணிக்காய் என்ன விலைக்குப் போகும் என்று கேட்டால் மயக்கம் வந்துவிடும்.

இது இன்று நேற்று வந்த கேள்வி இல்லை. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்று நம்மவர்கள் அழைத்தவர், இதே சிக்கலில் மாட்டிக்கொண்டார். புதிதாகக் கிறிஸ்தவத்துக்கு வந்தவர்கள் குடுமி வைத்திருக்கலாமா, பூணூல் போடலாமா, சந்தனம் பூசலாமா? அவருடைய சொந்தச் சபைக்காரர்களே அவர் மேல் புகார் எழுதினார்கள். பொங்கலைப் பற்றியும் கேட்டார்கள். பானை வைக்கட்டும், ஆனால் ஒரு சிலுவையை நட்டு அதன் அடியில் வைக்கட்டும் என்று அவர் இடம் கொடுத்ததாக அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம் போன்றவற்றை நிபந்தனைகளோடு அனுமதித்தார். அத்தோடு முடிந்ததா? இல்லை. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் மீண்டும் ஒரு நீண்ட ஆணை போட வேண்டியிருந்தது. இங்கு வேலை செய்யும் குருமார் அந்த ஆணைப்படி நடப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்ற விதி 1940 வரை இருந்தது. ஒரு சமூகத்தின் பழக்கத்தில் எது வழிபாடு, எது வாழ்க்கை என்று பிரிக்க ரோமாபுரிக்கே முந்நூறு வருடம் போதவில்லை. நம் அமைச்சு ஒரே நாள் கூட்டத்தில் முடித்துவிட்டது என்றால் நாம் கொஞ்சம் ஆச்சரியப்படத்தான் வேண்டும்.

இனி, வேண்டாம் என்கிறவர்களைப் பற்றிப் பேச வேண்டும். நம் மேடைகளில் இவர்களுக்கு நல்ல பெயரே கிடையாது.

சில பெந்தெகொஸ்தே சபையினர் பொங்கல் வைப்பதில்லை, தீபாவளிப் பலகாரம் தொடுவதில்லை. உடனே 'மதம் மாறியதும் இனத்தை மறந்துவிட்டான்' என்று திட்டுகிறோம். இவர்களில் சிலர் கிறிஸ்துமசையே கொண்டாடுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. 1920களில் இலங்கையில் தோன்றி உலகம் முழுதும் பரவிய பெந்தெகொஸ்தே மிஷன் சபைக்காரர்கள் டிசம்பர் 25ஐக் கொண்டாடுவதில்லை. யெகோவாவின் சாட்சிகள் கிறிஸ்துமசும் கொண்டாடுவதில்லை, பிறந்த நாளும் கொண்டாடுவதில்லை. வேதத்தில் அந்தத் தேதி இல்லை என்பது அவர்கள் காரணம். கடலுக்கு அப்பால் இதைவிடக் கடுமையாக இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டமே போட்டார்கள். போட்டவர்கள் நாத்திகர்கள் இல்லை, தீவிர பக்தர்கள். 1681இல்தான் அது நீங்கியது.

முஸ்லிம்களிலும் இந்த விவாதம் உண்டு. மீலாது நபி நம் நாட்டில் பொது விடுமுறை, ஊர்வலமும் நடக்கிறது. நபிகள் காலத்தில் இல்லாத விழா என்று அதை ஏற்காத அறிஞர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1980களிலிருந்து தவ்ஹீத் பிரசாரம் செய்தவர்கள் தர்கா கந்தூரியை எதிர்த்தார்கள். நாகூர் கந்தூரிக்கு இந்துக்களும் போகிறார்கள், சில முஸ்லிம்கள் போக மாட்டார்கள். வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் போகாதவர் தம் நம்பிக்கையைக் காரணமாகச் சொல்கிறார். போகிற இந்துவும் அதையேதான் சொல்கிறார்.

நம்மிலும் பாருங்கள். 1929 டிசம்பரில் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்தார், 1954இலும் வந்தார். அவர் கருத்தைப் பிடித்துக்கொண்ட தோட்டத்து மக்கள் நரகாசுரனைக் கொன்ற நாளை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்று கேட்டுத் தீபாவளியை விட்டார்கள். எங்கள் லயத்தில் அப்படி ஒரு கருப்புச் சட்டைத் தாத்தா இருந்தார். தீபாவளி அன்று வேண்டுமென்றே பழைய சட்டை போடுவார். பொங்கலுக்கு மட்டும் புது வேட்டி. ஆனால் கற்பூரத் தட்டு வந்தால் கையைக் கட்டிக்கொள்வார். அவரை யாரும் தமிழன் இல்லை என்று சொன்னதில்லை. தாத்தாவுக்குக் கொடுத்த மரியாதையைப் பெந்தெகொஸ்தே பையனுக்கு ஏன் கொடுக்கக் கூடாது என்பதுதான் என் கேள்வி. இருவரும் செய்வது ஒரே காரியம். மனம் ஒப்பாத இடத்தில் கை கூப்ப மறுக்கிறார்கள்.

கொண்டாடுவது வேறு, கூட இருப்பது வேறு என்பதை நம் மொழியைவிட மலாய் மொழி கொஞ்சம் தெளிவாகச் சொல்கிறது. 'மெராயாக்கான்' என்றால் பெருநாளைத் தனதாகக் கொண்டாடுவது. 'மெராய்க்கான்' என்றால் அந்த நாளுக்கும் அதற்கு உரியவருக்கும் மரியாதை செய்வது. ஓர் எழுத்துதான் வித்தியாசம். நம் நாட்டு உஸ்தாஸ்கள் இந்த வித்தியாசத்தை அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். 2005இல் தேசிய ஃபத்வா குழு இதை விவாதித்தபோதும், பிறர் பெருநாளுக்கு முஸ்லிம்கள் போகவே கூடாது என்று சொல்லவில்லை. நம்பிக்கைக்கு முரணான சடங்கு இல்லாமல், மார்க்கம் தடுத்த செயல் இல்லாமல், சமுதாயத்தின் மனம் புண்படாமல் இருந்தால் போகலாம் என்று வரையறைகள் வகுத்தது. அது அவர்கள் வீட்டுக் கணக்கு, அதைத் திருத்த நாம் யார்? ஆனால் அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி 'பொங்கல் சமயமா, இல்லையா' என்பது இல்லை. 'அந்தத் திடலில் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள், இந்தப் பிள்ளையை என்ன செய்யச் சொல்கிறார்கள்' என்பதுதான்.

2004, 2005, 2006 மூன்று ஆண்டுகளும் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்து வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தீபராயா என்று பெயர் வைத்துக் கடைத்தொகுதிகளில் கோலத்துக்குப் பக்கத்திலேயே கெத்துப்பாட் தோரணம் கட்டினார்கள். அதற்கு முன் சீனப் புத்தாண்டோடு சேர்ந்து வந்தபோது கொங்சி ராயா. 2006 ஜூன் மாதம் பேராவில் கூடிய சமய அறிஞர்கள், இந்தக் கொங்சி ராயாவையும் திறந்த இல்ல உபசரிப்பையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றார்கள். நாடே கொந்தளித்தது. என் துறைக்காரர்கள் மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இரண்டு பெருநாளையும் குழைத்து ஒரே விளம்பரப் பாட்டாக்கியதில் யாருடைய பெருநாளும் யாருடையதாகவும் இல்லாமல் போனது. திறந்த இல்லம் அருமையான பழக்கம். அதில் வீட்டுக்காரர் யார், விருந்தாளி யார் என்று தெரியும். குழைத்துச் செய்த விழாவில் அது தெரிவதில்லை. (டிப்ளோமா படித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே, பெயர் மாற்றினால் பொருள் மாறும் என்பதுதான். பொங்கல் சிறப்பு நிகழ்ச்சிப் படப்பிடிப்பில் ஒரே பானை இரண்டாவது முறை பொங்காது என்பதை அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். இயக்குநர் கேட்கிறார் என்று பக்கத்தில் இன்னொரு பானையைத் தயாராக வைத்திருப்போம்.)

வீட்டுக்காரர், விருந்தாளி என்று சொன்னேன் அல்லவா? தோட்டத்தில் இதை யாரும் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் இரவு நம் வீடுகளில் முன்னோர் படையல் போடுவோம். செத்துப்போன தாத்தாவுக்குப் பிடித்ததெல்லாம் வாழை இலையில் வரும். கறி, மீன், சுருட்டு, சில வீடுகளில் பீர் போத்தலும்கூட. எங்கள் லயத்துக் கடைசி வீடு வேதக்காரர் வீடு. படைத்த பண்டத்தை அவர்கள் சாப்பிட மாட்டார்கள். ஆயா என்ன செய்வார் தெரியுமா? படையலுக்கு விளக்கேற்றும் முன்பே ஒரு தட்டில் முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை எல்லாம் எடுத்துத் துணி போட்டு மூடிவிடுவார். என்னிடம் கொடுத்து, 'படைக்கறதுக்கு முன்னாடியே எடுத்ததுன்னு அந்த அக்காகிட்ட சொல்லு' என்பார். நான் ஓடிப் போய்ச் சொல்வேன். கிறிஸ்துமசுக்கு அந்த வீட்டிலிருந்து எங்களுக்குச் சாப்பாடு வரும். வருடத்தின் மற்ற நாட்களில் அவர்கள் மாட்டிறைச்சி சமைப்பவர்கள்தான். அன்று மட்டும் ஆட்டுக்கறி. சட்டிகூடத் தனிச் சட்டி.

இதற்கு வேத ஆதாரம் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்ற கேள்விக்கு மூன்று அதிகாரங்கள் செலவழித்திருக்கிறார். கடையில் விற்பதைத் துருவித் துருவி விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள், ஆனால் இது படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால் சொன்னவரின் மனச்சாட்சியை நினைத்து விட்டுவிடுங்கள் என்கிற பொருளில் எழுதுகிறார். ஆயா கொரிந்தியர் படித்ததில்லை, கையெழுத்தே போடத் தெரியாதவர். ஆனாலும் அந்தத் தட்டு இருக்கிறதே, அதில் அவர் படையலை மறைக்கவும் இல்லை, அது படையலே இல்லை என்று பொய் சொல்லவும் இல்லை. அந்த அக்காவின் மறுப்பை அவமானமாகவும் எடுத்துக்கொள்ளவில்லை.

இன்று அந்த லயங்கள் இல்லை. ராசாவைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல தாமான்களாகிவிட்டன. பக்கத்து வீட்டில் இருப்பது யார் என்று சுவருக்கு இந்தப் பக்கம் தெரிவதில்லை. அதனால் இந்த விஷயங்களை அக்கம்பக்கத்தார் பேசித் தீர்த்துக்கொள்வது குறைந்து, கடிதத்திலும் சுற்றறிக்கையிலும் கைப்பேசிச் செய்தியிலும் தீர்த்துக்கொள்ளப் பார்க்கிறோம்.

கடிதம்தான் வேண்டும் என்றால் அரசியலமைப்புச் சட்டத்தைப் படிக்கலாம். 12ஆம் விதியின் மூன்றாம் பிரிவு சொல்வது இதுதான்: தன் சமயம் அல்லாத வேறொரு சமயத்தின் சடங்கிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்கும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. அடுத்த பிரிவின்படி, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு அதை முடிவு செய்வது பெற்றோர் அல்லது பாதுகாவலர். கவனியுங்கள், கட்டாயப்படுத்தக் கூடாது என்றுதான் இருக்கிறது. பக்கத்தில் நிற்கக் கூடாது என்று எங்கும் இல்லை. இந்த விதி தேசியப் பள்ளியில் படிக்கிற நம் இந்துப் பிள்ளைக்குப் பாதுகாப்பு. தமிழ்ப்பள்ளியில் படிக்கிற கிறிஸ்தவப் பிள்ளைக்கும் அதே பாதுகாப்பு. முதலாவதைக் கேட்டுப் போராடுகிற நாம் இரண்டாவதை மறந்துவிடுகிறோம். 'இது பண்பாடுதானே' என்று சொல்லி அந்தப் பிள்ளையின் நெற்றியில் திருநீறு வைத்துவிடுகிறோம்.

இங்கே கோ. சாரங்கபாணியை நினைக்க வேண்டியிருக்கிறது. 1935இல் தமிழ் முரசைத் தொடங்கியவர். 1952இல் சிங்கப்பூரில் தமிழர் திருநாளை முன்னின்று தொடங்கினார். மலாயாவிலும் ஊர் ஊராக அது பரவியது. இந்துவோ முஸ்லிமோ கிறிஸ்தவரோ, தமிழ் பேசுகிற எல்லாரும் ஒரே பந்தலில் உட்கார வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் சீர்திருத்தக்காரர்தான். ஆனாலும் யார் வீட்டுப் பானையையும் போய் இது சமயம் இல்லை என்று பிடுங்கவில்லை. வீட்டில் வைப்பதை வீட்டில் வையுங்கள், மாலையில் மேடைக்கு வாருங்கள் என்றார் என்று எடுத்துக்கொள்ளலாம். மேடையில் பேச்சு, கவிதை, நாடகம், விளையாட்டு. அதில் யாருக்கும் மனம் கூச வேண்டிய தேவை இல்லை.

பள்ளிகளிலும் இதைச் செய்ய முடியும் என்று நினைக்கிறேன். காலையில் பூசை இருந்தால் அழைப்பிதழிலேயே பூசை என்று போடுங்கள், நேரத்தையும் போடுங்கள். விரும்புகிற பிள்ளைகள் நிற்கட்டும். அது முடிந்த பிறகு கோலப் போட்டி, உறியடி, கரும்பு, பொங்கல் சாப்பாடு என்று எல்லாரும் சேரட்டும். படைக்காமல் தனியாக ஒரு பானை வைத்தால் யாருடைய பக்தியும் குறைந்துவிடாது. நம் நாட்டில் சில பள்ளிகள் ஏற்கெனவே இப்படிச் செய்கின்றன. சத்தமில்லாமல் செய்வதால் செய்தியாவதில்லை.

ஒரு மறுப்பு வரும். 'இப்படிப் பிரித்துப் பிரித்து வைத்தால் ஒற்றுமை என்ன ஆவது?' என்பார்கள். எனக்கு அந்தக் கவலை இருக்கிறது. பிள்ளைகளைத் தனியாக நிறுத்துவது அவர்களுக்கு வலிக்கும் என்பதும் தெரியும். ஆனால் மனமில்லாமல் கை கூப்பிய பிள்ளையும் கூட்டத்தில் தனியாகத்தான் நிற்கிறது. பிற்பாடு வளர்ந்து தன் விருப்பப்படி நடக்கத் தொடங்கும்போது அது முதலில் விட்டு ஓடுவது பொங்கலைத்தான். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் எத்தனை இந்துக்கள் போகிறார்கள்! அவர்களை அங்கே யாரும் நன்மை வாங்கு என்று வற்புறுத்துவதில்லை. மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருகிறார்கள். வற்புறுத்தாததால்தான் மறு வருடமும் போகிறார்கள்.

நேயர்களிடமிருந்து முன்கூட்டியே இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன.

ஒன்று, போர்ட்டிக்சன் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர். மகள் கிறிஸ்தவ வீட்டுக்கு மருமகளாகப் போய்விட்டாளாம், தீபாவளிப் படையலுக்கு வர மறுக்கிறாளாம், தாத்தாவையே மதிக்கவில்லை என்று வருந்துகிறார். ஐயா, படையலுக்கு வரவில்லை என்பதையும் மதிக்கவில்லை என்பதையும் தயவுசெய்து சேர்க்காதீர்கள். தாத்தாவின் நினைவு நாளில் அவள் என்ன செய்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள். தேவாலயத்தில் அவர் பெயருக்குப் பூசை ஒப்புக்கொடுத்தாலும் கொடுத்திருப்பாள். தீபாவளி மறுநாள் சாப்பிடக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது ஒரு தட்டு முன்பே எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று ஒரு தாயார். சிரம்பானில் வசிக்கிறார், பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர். மகன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. பொங்கல் விழாவில் பானையைக் கிண்டும் குழுவில் ஆசிரியர் அவன் பெயரைச் சேர்த்துவிட்டார், அனுப்பலாமா, அன்றைக்கு விடுப்பு எடுக்கச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறார். அம்மா, விடுப்பு எடுக்க வைக்காதீர்கள். விழாவுக்கு முன்பே ஒரு நாள் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். பூசை எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். அந்த நேரத்துக்கு அவனுக்கு வேறு வேலை கொடுக்கச் சொல்லுங்கள். நாற்காலி அடுக்குவது, கரும்பு வெட்டுகிறவருக்கு உதவுவது என்று எத்தனையோ இருக்கும். ஆசிரியர் கோபித்துக்கொள்வார் என்று பயப்படாதீர்கள், பெரும்பாலான ஆசிரியர்களுக்கு யாராவது வந்து சொன்னால் போதும். அவனிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நினைக்க வேண்டாம். எதற்குத் தான் நிற்கப் போகிறோம், எதற்கு ஒதுங்கப் போகிறோம் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால், நண்பர்கள் கேட்கும்போது அவனே சொல்லிக்கொள்வான்.